ஃபீஸ் கட்ட முடியாத பிள்ளைகளுக்காகச் சட்டசபைக்குப் போன சாமியார்... சிதம்பரம் சகஜானந்தர் கதை!

சிதம்பரம்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? நடராஜர் கோயில், பிச்சாவரம் படகு, அண்ணாமலைப் பல்கலைக்கழகம், கொஞ்சம் சாப்பாட்டுப் பிரியரா இருந்தா சம்பா சாதமும் கத்தரிக்காய் கொத்சும். இந்த லிஸ்ட்ல ஓமக்குளம் பெரும்பாலும் வராது. கடலூர் செம்மண்டலம் பக்கம் இருக்கிறவங்ககிட்டயே கேட்டுப் பாருங்க, பல பேருக்கு அது ஒரு ஏரியா பேர், அவ்வளவுதான்.

அந்த ஓமக்குளத்துல ரெண்டு அரசுப் பள்ளிகள் இருக்கு. ஒண்ணு பசங்களுக்கு, இன்னொண்ணு பொண்ணுங்களுக்கு. ரெண்டுக்கும் நந்தனார் பேர்தான். இதுக்கெல்லாம் விதை போட்டவர் ஒரு சாமியார். பேர், சுவாமி சகஜானந்தர். நாம வழக்கமா கேள்விப்படுற சாமியார் கதை மாதிரி இதுல அற்புதம் எதுவும் கிடையாது. மானியம், உதவித்தொகை, ஹாஸ்டல், பட்ஜெட்... இதெல்லாம்தான் இருக்கு. கேட்க டிரையா இருக்கேன்னு ஸ்க்ரோல் பண்ணிடாதீங்க. ஸ்காலர்ஷிப் பணம் அக்கவுன்ட்ல ஏறிடுச்சான்னு மாசக்கணக்கா செக் பண்ணிட்டே இருந்த அனுபவம் உங்களுக்கோ உங்க ஃப்ரெண்டுக்கோ இருந்தா, இது உங்க கதையும்தான்.

முனுசாமியா பிறந்தவர்

1890 ஜனவரி 27. ஆரணிக்குப் பக்கத்துல மேல்புதுப்பாக்கம் கிராமம். அண்ணாமலை, அலமேலு தம்பதிக்குப் பிறந்த பையனுக்கு முனுசாமின்னு பேர் வெச்சாங்க. பறையர் சமூகத்துக் குடும்பம். அந்தக் காலத்துல அந்தச் சமூகத்துப் பையன் படிக்கணும்னா இருந்த வழிகள் ரொம்பக் கம்மி. ஊர்ப் பள்ளிக்கூடம் பெரும்பாலும் கோயில் பக்கத்துலயோ, சாவடியிலயோ, அக்ரஹாரத்துலயோ நடக்கும். சேரியில இருந்து வர்ற பிள்ளை அந்தத் தெருவுக்குள்ளயே கால் வைக்க முடியாது, அப்புறம் எங்க பள்ளிக்கூடத்துக்குள்ள போறது? அதனால மிஷன் பள்ளிதான் கதி. முனுசாமியும் திண்டிவனத்துல அமெரிக்கன் ஆற்காடு மிஷன் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தார்.

நல்லாப் படிச்சார். ஆனா மதம் மாற ஒத்துக்கல. அதோட அங்கே படிப்பு நின்னுபோச்சுன்னு அவரோட வாழ்க்கையை எழுதினவங்க சொல்றாங்க. அதுக்கப்புறம் குடும்பம் பிழைப்புக்காகக் கோலார் தங்க வயலுக்குப் போனது. வட ஆற்காட்டுல இருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் போன அதே பாதை. அங்கேதான் பையனுக்கு ஆன்மிகம் பக்கம் மனசு போச்சு. சென்னை வியாசர்பாடியில கரபாத்திர சுவாமிகள்கிட்ட சீடராச் சேர்ந்தார். தமிழும் சமஸ்கிருதமும் சாஸ்திரமும் கத்துக்கிட்டார். முனுசாமி சகஜானந்தர் ஆனது அங்கேதான்.

1910-ல குரு அவரைச் சிதம்பரத்துக்கு அனுப்பினார். அப்போ அவருக்கு வயசு 20. இன்னிக்கு அந்த வயசுல நாம செகண்ட் இயர் அரியர் பத்திக் கவலைப்பட்டுட்டு இருப்போம்.

ஏன் நந்தன் பேரு?

நந்தனார் கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். பெரியபுராணத்துல திருநாளைப்போவார்னு வர்றவர். தில்லை நடராஜரைப் பார்க்கணும்னு ஆசைப்பட்டு, நாளைக்குப் போவேன், நாளைக்குப் போவேன்னு சொல்லிக்கிட்டே இருந்தவர். கடைசியில தீயில இறங்கின பிறகுதான் கோயிலுக்குள்ள போக முடிஞ்சதுன்னு கதை சொல்லுது. அவர் தீயில இறங்கின இடம்னு ஊர் நம்புற இடம்தான் ஓமக்குளம்.

சகஜானந்தர் தன் மடத்துக்கு அந்த இடத்தையும் அந்தப் பேரையும் எடுத்துக்கிட்டார். இதைப் பக்தின்னு மட்டும் பார்க்க எனக்குத் தோணல. சிதம்பரத்துல சேரிப் பிள்ளைகளுக்காகப் பள்ளிக்கூடம் கட்டப்போறேன்னு வெறுமனே சொன்னா நன்கொடை வந்திருக்குமான்னு தெரியாது. நந்தனார் பேருல கட்டப்போறேன்னு சொன்னா, நாயன்மாரைக் கும்பிடுற எந்தப் பெரிய மனுஷனும் முகத்தைத் திருப்பிக்க முடியாது. மனுஷன் விவரமானவர். இதே காரணத்துக்காக அவரைப் பழைமைவாதின்னு விமர்சிச்சவங்களும் உண்டு. தீயில எரிஞ்ச ஒருத்தரை ஏன் முன்மாதிரியா வைக்கணும்னு கேட்டா, அந்தக் கேள்வியிலயும் நியாயம் இருக்கு.

1916-ல நந்தனார் கல்விக்கழகம் ஆரம்பிச்சது. முதல்ல சேர்ந்தது 25 பிள்ளைகள்.

இங்கேதான் கதையோட முக்கியமான இடம் வருது. பிள்ளைகள் வந்துட்டாங்க. காசு?

இல்லாதவன்கிட்ட பாதி கேட்கிற கணக்கு

அப்போ அரசாங்கம் பள்ளிகளுக்குக் காசு குடுக்கவே இல்லையான்னு கேட்டா, குடுத்தது. 1854-ல வந்த உட்ஸ் அறிக்கையில இருந்தே மானிய முறை இருந்தது. நல்லா நடக்கிற, இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஒத்துக்கிற எந்தத் தனியார் பள்ளிக்கும் மானியம் உண்டு. மதம் பார்க்கக் கூடாது, சாதி பார்க்கக் கூடாது. எல்லாருக்கும் ஒரே ரூல். கேட்க எவ்வளவு அழகா இருக்கு?

ரூலை உள்ளே போய்ப் பாருங்க. பள்ளியில மாணவர்கள்கிட்ட கொஞ்சமாவது ஃபீஸ் வாங்கியிருக்கணும். பள்ளியை நடத்துறவங்க தங்கள் பங்குக்கு ஒரு தொகை போட்டிருக்கணும். பயிற்சி பெற்ற ஆசிரியர் இருக்கணும். கட்டடம், ரிஜிஸ்டர், வருகைப் பதிவு எல்லாம் சரியா இருக்கணும். அதுக்குப் பிறகுதான் அரசாங்கப் பங்கு வரும்.

ஒரு பேச்சுக்கு இப்படி வெச்சுக்கோங்க. ஒரு பள்ளிக்கு வருஷம் 100 ரூபாய் செலவு. நீங்க 50 ரூபாய் காட்டினா அரசாங்கம் 50 ரூபாய் தரும். ஊர்ல ஜமீன்தார் இருக்கார், வக்கீல் இருக்கார், ஃபீஸ் கட்டுற அப்பாக்கள் இருக்காங்கன்னா அந்த 50 ரூபாய் ஒரே மாசத்துல சேர்ந்துடும். கூலியை நெல்லா வாங்குற பண்ணையாள் குடும்பத்துப் பிள்ளைகள் படிக்கிற பள்ளியில அந்த 50 எங்கே இருந்து வரும்? 10 ரூபாய்தான் தேறும். அப்போ அரசாங்கமும் 10 ரூபாய்தான் தரும். ஏற்கெனவே இருக்கிற பள்ளி 100 ரூபாய்ல நடக்கும், இல்லாத பள்ளி 20 ரூபாய்ல நடக்கும். ரெண்டுக்கும் ஒரே ரூல்தான், யாரும் யாரையும் ஏமாத்தல!

இன்னொரு சிக்கலும் இருந்தது. பயிற்சி பெற்ற ஆசிரியர் வேணும்னா, படிச்ச ஆள் வேணும். சேரியில வந்து பாடம் எடுக்க மத்த சாதி ஆசிரியர்கள் பெரும்பாலும் வரமாட்டாங்க. அந்தச் சமூகத்துல இருந்தே ஆசிரியர் வரணும்னா முதல்ல அவங்க படிச்சிருக்கணும். படிக்கப் பள்ளி வேணும். பள்ளிக்கு மானியம் வேணும். மானியத்துக்கு ஆசிரியர் வேணும். சுத்திச் சுத்தி அதே இடம்.

இது சகஜானந்தர் வர்றதுக்கு முன்னாடியே அதிகாரிகளுக்கும் உறைச்சிருந்தது. செங்கல்பட்டு கலெக்டரா இருந்த ட்ரெமென்ஹீர் 1891-ல பறையர்களோட நிலைமை பத்தி ஒரு அறிக்கை எழுதினார். தரிசு நிலம் ஒதுக்குறதுல தொடங்கி படிப்பு வரைக்கும் அதுல பேசியிருந்தார். 1893-ல கல்விக்குன்னே ஓர் அரசாணை வந்தது. பஞ்சமர் பள்ளிகளுக்கு மத்த பள்ளிகளைவிட அதிக மானியம், ஆசிரியர் பயிற்சிக்கு வர்ற அந்தச் சமூக மாணவர்களுக்கு உதவித்தொகைன்னு அது சொன்னது. எல்லாருக்கும் சமமாக் குடுக்கிறது வேற, தேவைக்கு ஏத்த மாதிரி குடுக்கிறது வேறன்னு அரசாங்கமே காகிதத்துல ஒத்துக்கிட்ட இடம் அது. ஆனா அதோட பலன் பெரும்பாலும் யாருக்குப் போச்சுன்னா, ஏற்கெனவே பள்ளி, பணம், ஆபீஸ்னு எல்லாம் வெச்சிருந்த மிஷனரிகளுக்கு. அந்தச் சமூகத்து ஆளே கட்டின பள்ளிகளை விரல்விட்டு எண்ணிடலாம்.

அந்த வரிசையில வந்ததுதான் ஓமக்குளம் பள்ளி. பணக்கார வணிகர்கள், மேல்சாதி நண்பர்கள்னு பல பேர் உதவினாங்க. ஆனா நன்கொடையில திருவிழா நடத்தலாம், பள்ளிக்கூடம் நடத்த முடியாது. திருவிழா வருஷத்துக்கு ஒரு தடவை. பிள்ளைகளுக்குத் தினமும் மூணு வேளை சாப்பாடு போடணும். வெளியூர்ப் பிள்ளைகள் தங்கிப் படிக்க ஊருக்குள்ள யார் வீடு குடுப்பாங்க? அதனால ஹாஸ்டலும் பள்ளியோட சேர்ந்தேதான் நடக்கணும். இந்தச் செலவுக்கு அரசாங்கக் கஜானாவைத் தவிர வேற வழி கிடையாதுங்கிறது அவருக்குச் சீக்கிரமே புரிஞ்சது.

காவியோட கவுன்சிலுக்கு

1926-ல சகஜானந்தர் சென்னை மாகாணச் சட்டமன்றக் கவுன்சிலுக்கு நியமன உறுப்பினரா ஆனார். ஏன் நியமனம்னு ஒரு கேள்வி வரலாம். அப்போ ஓட்டு எல்லாருக்கும் கிடையாது. சொத்து, வரின்னு ஏதாவது காட்டணும். ஒடுக்கப்பட்ட சமூகங்கள்ல அப்படிக் காட்டக்கூடியவங்க ரொம்பச் சொற்பம். தேர்தல்னு போனா ஒருத்தர்கூட உள்ளே வர முடியாதுங்கிறதால சில இடங்களை அரசாங்கமே நியமிச்சது. எம்.சி.ராஜா, ரெட்டமலை சீனிவாசன்னு அவருக்கு முன்னாடி அந்த வழியில போனவங்க உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி கவுன்சிலுக்குள்ள வந்ததும் இதே காலகட்டத்துலதான்.

சட்டசபையில அவரோட பேச்சுகள் பின்னாடி தொகுக்கப்பட்டிருக்கு. பெரிய தத்துவம் தேடிப் போனீங்கன்னா ஏமாந்துபோவீங்க. பள்ளி, விடுதி, உதவித்தொகை, குடிநீர்க் கிணறு, வீட்டுமனை, நிலம்... சுத்திச் சுத்தி இதுங்கதான். எனக்கு அவர்மேல மரியாதை கூடுனதே இதனாலதான். வேதாந்தம் படிச்ச ஒருத்தர், உலகமே மாயைன்னு சொல்லிட்டு உட்கார்ந்திருக்கலாம். இவர் பட்ஜெட் புத்தகத்தைப் புரட்டிக்கிட்டு இருந்தார்.

அவர் யார்கிட்ட கேட்க வேண்டியிருந்ததுங்கிறதையும் தெரிஞ்சுக்கோங்க. 1919-20 வாக்குல மாகாண அரசு தொழிலாளர் துறைன்னு ஒண்ணை ஆரம்பிச்சது. பேர்தான் தொழிலாளர் துறை, வேலை என்னவோ ஒடுக்கப்பட்ட சமூகங்களுக்குப் பள்ளி, கிணறு, மனை, உதவித்தொகை, விடுதி ஏற்பாடு பண்றது. பொதுக் கல்விக்கு ஒரு துறை, இவங்களுக்கு மட்டும் வேற துறை. நல்லதா, கெட்டதா? தனியா ஒதுக்கினாத்தான் காசு வந்து சேரும், பொதுவுல கலந்தா காணாமப் போயிடும்னு ஒரு கட்சி. தனியா வெச்சா பிள்ளைகளும் தனியாவே இருந்துடுவாங்க, பொதுப் பள்ளிக் கதவு திறக்காதுன்னு இன்னொரு கட்சி. இந்த வாதம் இன்னிக்கு வரைக்கும் முடியல. சகஜானந்தர் வாழ்க்கையைப் பார்த்தா ரெண்டு பக்கமும் கால் வெச்சிருந்த மாதிரி தெரியுது. ஒரு பக்கம் தன் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி. இன்னொரு பக்கம் கோயிலும் பொது இடங்களும் எல்லாருக்கும் திறக்கணும்னு போராட்டம்.

1927-ல காந்தி சிதம்பரம் வந்தப்போ ஓமக்குளத்துல நந்தனார் கோயிலுக்கு அடிக்கல் நாட்டினார். அதே சிதம்பரத்துல என்ன நடந்துட்டு இருந்ததுன்னும் பார்க்கணும். 1920-ல அண்ணாமலைச் செட்டியார் ஆரம்பிச்ச மீனாட்சி கல்லூரி வளர்ந்து, 1929-ல அண்ணாமலைப் பல்கலைக்கழகமாச்சு. நல்ல விஷயம்தான், தென்னாற்காட்டுப் பிள்ளைகள் பட்டம் வாங்க ஊரைவிட்டுப் போக வேண்டாம். ஆனா ஒரே ஊர்ல, சில கிலோமீட்டருக்குள்ள, ஒரு செல்வந்தரோட கல்லூரி 9 வருஷத்துல பல்கலைக்கழகம் ஆகுது. 1916-ல தொடங்கின நந்தனார் பள்ளி உயர்நிலைப் பள்ளியா ஆகுறதுக்கே அதைவிட ரொம்ப வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. பல்கலைக்கழகம் பக்கத்துல வந்துட்டா மட்டும் போதுமா? அதோட வாசல் வரைக்கும் வந்து சேர, நடுவுல உயர்நிலைப் பள்ளியும், தங்க இடமும், சாப்பாடும் வேணுமே! அந்த நடுப்பகுதிதான் இவரோட வேலையா இருந்தது.

பெண் பிள்ளைகளையும் அவர் விடல. ஆண் பிள்ளைகளை அனுப்பவே யோசிச்ச குடும்பங்கள் பெண் பிள்ளைகளை அனுப்பணும்னா தங்குற இடம் பாதுகாப்பா இருக்கணும். அதுக்கும் காசு, அதுக்கும் மனு.

சுதந்திரத்துக்கு அப்புறமும் அவர் சட்டமன்றத்தை விடல. 1952, 1957 தேர்தல்கள்ல சிதம்பரம் தொகுதியில காங்கிரஸ் சார்பா ஜெயிச்சார். அப்போ சிதம்பரம் ரெண்டு உறுப்பினர் தொகுதி, பட்டியல் சமூகத்துக்கு அதுல ஓர் இடம். முதல்ல நியமனத்துல உள்ளே போனவர், பின்னாடி ஊர் மக்கள் ஓட்டுல போனார். 1959 மே 1 அன்னிக்கு இறக்கும்போதும் எம்.எல்.ஏ-தான். நடுவுல கொஞ்சம் இடைவெளி இருந்தாலும், முதல் நியமனத்துல இருந்து கணக்குப் பார்த்தா 33 வருஷம். சட்டமன்றத்துக்குள்ள போனதுல இருந்து கடைசி வரைக்கும் கேட்டது கிட்டத்தட்ட அதே விஷயங்களைத்தான்.

அந்தக் கணக்கு இப்போ எங்கே நிக்குது?

இவர் மாதிரி கேட்டவங்க இந்தியா முழுக்க இருந்தாங்க. அம்பேத்கர் வைசிராய் நிர்வாகக் கவுன்சில்ல இருந்தப்போ பட்டியல் சமூக மாணவர்களோட உயர்கல்விக்குன்னு தனி நிதி கேட்டு வாங்கினார். 1944-ல ஆரம்பிச்ச அந்தத் திட்டத்தோட வழிவந்ததுதான் இன்னிக்கு நீங்க கேள்விப்படுற போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப். குடும்ப வருமானம் வருஷத்துக்கு 2.5 லட்சத்துக்குள்ள இருக்கணும்ங்கிறது அதோட ரூல். இதையும் கொஞ்சம் கணக்குப் போடுங்க. மாசத்துக்கு 21 ஆயிரம்கூட வராது. அப்பாவும் அம்மாவும் ரெண்டு பேருமே சாதாரண வேலைக்குப் போனாலே கோட்டைத் தாண்டிடும் குடும்பங்கள் உண்டு.

இந்தத் திட்டத்துல மத்திய, மாநிலப் பங்கை 60:40-னு மாத்த 2020 டிசம்பர்ல மத்திய அமைச்சரவை ஒப்புதல் குடுத்தது. அதுக்கு முன்னாடி இருந்த முறையில செலவோட பெரும்பகுதி மாநிலங்கள் தலையிலதான் இருந்தது. பாருங்க, உன் பங்கைக் காட்டு, என் பங்கைத் தர்றேன்ங்கிற பழைய கணக்கு இப்போ அரசாங்கங்களுக்கு நடுவுலயே நடக்குது. 2024-25-ல சமக்ர சிக்‌ஷா திட்டத்துல தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாய் வரல. தேசியக் கல்விக் கொள்கையோட இணைஞ்ச பி.எம் ஸ்ரீ பள்ளித் திட்டத்துல மாநிலம் கையெழுத்துப் போடாததுதான் அந்த இழுபறிக்கு மையம். 2025 மே மாசம் தமிழ்நாடு அரசு சுப்ரீம் கோர்ட்டுக்கே போச்சு. யார் பக்கம் நியாயம்ங்கிறதுல உங்களுக்கும் எனக்கும் கருத்து வேற வேறயா இருக்கலாம். ஆனா கல்விக் காசுக்கு நிபந்தனை வெச்சா முதல்ல அடிபடுறது யார் வகுப்புங்கிறது ஓமக்குளத்துக்காரங்களுக்கு 100 வருஷமாத் தெரிஞ்ச விஷயம்.

டெல்லியை மட்டும் சொல்லிட்டு நிறுத்திட்டா அது நியாயம் இல்ல. தமிழ்நாட்டுல ஆதிதிராவிடர் நலத்துறைப் பள்ளிகள் 1,100-க்கும் மேல இருக்கு. இந்தப் பள்ளிகளை எல்லாம் பள்ளிக்கல்வித் துறையோட இணைக்கப்போறோம்னு 2023 பட்ஜெட்ல அறிவிச்சாங்க. உடனே அதே பழைய வாதம் வெடிச்சது. இணைச்சாத்தான் தரம் கூடும்னு சிலர். இணைச்சா நம்ம பிள்ளைகளுக்குன்னு இருக்கிற காசும் கட்டடமும் கரைஞ்சுபோகும்னு சிலர். சகஜானந்தர் காலத்துக் கவுன்சில் ஹாலை அப்படியே தூக்கிட்டு வந்து வெச்ச மாதிரி இருந்தது.

விடுதிகளையும் பாருங்க. அரசு நல விடுதிகள்ல தங்கிப் படிக்கிற பள்ளி மாணவர் ஒருத்தருக்கு உணவுப்படி மாசம் 1,000 ரூபாயா இருந்ததை 2023-ல 1,400 ஆக்கினாங்க. கல்லூரி மாணவர்களுக்கு 1,500. அந்த 1,400-ஐ 30 நாளா வகுத்தா ஒரு நாளைக்கு 47 ரூபாய்கூட இல்ல. மூணு வேளைக்கு. நம்ம ஊர்ல ஒரு ஹோட்டல்ல ஒரு தோசை என்ன விலைன்னு உங்களுக்கே தெரியும்.

2011 மக்கள்தொகைக் கணக்குப்படி கடலூர் மாவட்டத்துல பட்டியல் சமூகத்தினர் 29 சதவீதத்துக்கும் மேல. மாநில சராசரி 20 சதவீதம்தான். அப்போ இந்த மாவட்டத்துல விடுதிச் சாப்பாடு, ஸ்காலர்ஷிப், நலப்பள்ளி இதெல்லாம் ஏதோ ஓரமா நடக்கிற விஷயம் இல்ல. மூணுல ஒரு பங்குக்குப் பக்கமா இருக்கிற வீடுகளோட விஷயம்.

ஜனவரி 27 அன்னிக்குச் சகஜானந்தர் பிறந்தநாளை அரசு விழாவாக் கொண்டாடுறாங்க. ஓமக்குளம் பள்ளி வளாகத்துலயே அவருக்கு மணிமண்டபம் இருக்கு. அடுத்த தடவை சிதம்பரம் போனா, கோயில் வாசல்ல இருந்து ஒரு ஆட்டோ பிடிச்சு அங்கே போய்ப் பாருங்க. காலையில போனீங்கன்னா பள்ளி பெல் அடிக்கிற நேரமா இருக்கும். சைக்கிள்லயும் ஷேர் ஆட்டோவுலயும் வந்து இறங்குற பிள்ளைகளுக்கு வழி விட்டுட்டு உள்ளே போங்க.